தானாக இறங்கிய பக்கெட்

சூடான சைலன்சரின் மேல் ஒரு சொட்டு ஆயில் விட்டால், நல்ல ஆயிலாக இருந்தால் புகைந்துவிட்டுப் போகும். தண்ணீர் கலந்திருந்தால் பொரியும். கடுகு தாளிக்கும்போது வெடிக்குமே, அந்தச் சத்தம்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாக மெயின்டனன்ஸ் பிட்டராக இருக்கிறேன். இந்தச் சத்தத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக் களத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டது மட்டும்தான் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

எங்கள் ஊர் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிக்குப் பக்கத்தில். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார், நான் கம்பெனிக்குப் போகிறேன். அண்ணனிடம் ஒரு மினி டிராக்டர் இருக்கிறது. அதன் முன்பக்கம் லோடர் உண்டு: இரண்டு இரும்புக் கைகள், நுனியில் எருவும் மண்ணும் அள்ள ஒரு பக்கெட். லிவரைத் தள்ளினால் ஆயிலின் அழுத்தத்தில் சிலிண்டர் நீளும், பக்கெட் மேலே போகும். லிவரை விட்டால் போன இடத்திலேயே நிற்க வேண்டும். அந்த வண்டியில் கியர் பெட்டிக்கும் பிரேக்குக்கும் லோடருக்கும் ஒரே தொட்டி, ஒரே ஆயில். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த காரியத்தின் அளவு இதில்தான் இருக்கிறது.

வண்டியை ஓட்டியவருக்கு என் வயது. அவருடைய அப்பா எங்கள் அப்பாவின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். காலனியில் அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அவரும் ஒரு இரும்பு உருக்கும் ஆலையில் இரண்டு வருடம் இருந்தார். அனல் ஒத்துக்கொள்ளாமல், கை இரண்டும் கொப்புளம் கொப்புளமாகித் திரும்பி வந்தார். "அந்த அனல்ல நிக்கிறதுக்கு சித்திர வெயில்லயே நின்னுக்கினு இருக்கலாம் சின்னவரே" என்பார். அண்ணன் பெரியவர், நான் சின்னவர். எழுதும்போது அவர் இவர் என்று மரியாதையாக எழுதுகிறேன். நேரில் ஒரு நாளும் 'வாடா போடா'வைத் தாண்டிப் பேசியதில்லை.

லோடர் ஓட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உடைந்த வரப்பில் பக்கெட்டின் விளிம்பால் மண்ணை வைத்துத் தட்டினால், கையால் பூசியது போல இருக்கும். வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் இறக்கி வைக்காமல் சாவியைத் திருப்ப மாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் கழுவிப் பொட்டு வைப்பார். கழுவுவதற்கு முன் ஆயில் ஊற்றும் மூடியின் மேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டு ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுவார். அதை நான் என் கண்ணால் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்பதுதான் விஷயம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் லோடருக்கு ஆயில் போகும் ஹோஸ் ஒன்று வெடித்து ஆயில் நிறைய கொட்டிப் போனது. ஹோஸை மாற்றிவிட்டார்கள். ஆயில் குறைந்துவிட்டது என்று அண்ணன் சொன்னதும், "கம்பெனி ஆயில் எட்துக்கினு வரேன், கடையில எதுக்கு வாங்குற?" என்றேன். எங்கள் கம்பெனியில் இது ஒரு பழக்கம். பண்டிகைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கேன் ஆயில் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சூப்பர்வைசர் 'கழிவு ஆயில்' என்று சீட்டு எழுதித் தருவார், கேட்டில் விட்டுவிடுவார்கள். கேனுக்குள் இருப்பது கழிவு இல்லை, புது ஆயில் என்று சீட்டு எழுதுகிறவருக்கும் தெரியும், கேட்டில் நிற்கிறவருக்கும் தெரியும். இது திருட்டா என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

எங்களுடையது அலுமினியத்தை உருக்கி அச்சில் அடித்து எடுக்கும் கம்பெனி. உருகிய உலோகத்துக்குப் பக்கத்தில் ஹோஸ் வெடித்தால் சாதாரண ஆயில் குப்பென்று பற்றிக்கொள்ளும். அதனால் அந்த மெஷின்களுக்கு நெருப்புப் பிடிக்காத ஒரு தனி ஆயில். பேர்தான் ஆயில், அதில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். மற்ற மெஷின்களுக்கு வழக்கமான ஆயில். இரண்டு பீப்பாயும் ஆயில் ரூமில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் கலந்தால் ஆயிலைக் கசியாமல் அடைத்து நிறுத்தும் ரப்பர் சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும், பம்ப் செத்துப்போகும். சுவரில் 'கலக்காதே' என்று சிவப்பு பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எழுதியவன் நான்தான்.

பீப்பாயிலிருந்து ஆயில் எடுக்க ஒரே ஒரு கைப்பம்ப். பெரும்பாலும் வழக்கமான ஆயில் பீப்பாயிலேயே நிற்கும். எங்களுக்கெல்லாம் அதுவே அடையாளமாகிவிட்டது. பம்ப் எதில் நிற்கிறதோ அதுதான் நம்ம ஆயில், லேபிளை எவன் குனிந்து பார்க்கிறான்? அன்றைக்கு முந்தைய ஷிப்டுக்காரன் பம்பைக் கழற்றி அடுத்த பீப்பாயில் சொருகிவிட்டுப் போயிருக்கிறான். நான் விசிலடித்துக்கொண்டே இருபது லிட்டர் அடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஊற்றும்போது டிரைவர் கேனின் வாயில் ஒரு விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"சின்னவரே, வாசன வேற மாரி கீது. வெரல்ல பிசுக்கே இல்ல, தண்ணியா ஓடுது" என்றார்.

"பத்தொம்பது வர்சமா இதையே கட்டிக்கினு அழறேன். எனக்கே நீ பாடம் எடுக்குறியா? மூட்றா மூடிய" என்றேன்.

அவர் மூடியை மூடினார்.

மாசி மாதம் வண்டிக்கு முடியாமல் போனது. முதலில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் கூவும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். பிறகு பக்கெட் ஒரே சீராக ஏறாமல் திக்கித் திக்கி ஏறியது. கடைசியில் எருவை அள்ளித் தூக்கி நிறுத்தினால் தானாக இறங்க ஆரம்பித்தது. தடாலென்று விழுவதில்லை. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் தலை உயரத்தில் இருந்தது முழங்காலுக்கு வந்திருக்கும். அண்ணன் போன் செய்தார்.

"வண்டி ஒரே பேஜாரா கீதுடா. இவன் தூக்கக் கூடாததெல்லாம் தூக்கி ஒடச்சிட்டான்னு நெனைக்கிறேன். ஞாயித்துக்கெழம வந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடித்ததும் டூல் பையோடு களத்துக்குப் போனேன். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் முந்தைய நாளே வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார். நான் கொஞ்சம் அலட்டலாகத்தான் ஆரம்பித்தேன். ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஹோஸ்களைத் தடவிப் பார்த்தேன், வெளியே கசிவு இல்லை. வெளியே கசியாமல் பக்கெட் இறங்குகிறது என்றால் உள்ளே எங்கோ கசிகிறது. ஒன்று சிலிண்டருக்குள் இருக்கும் சீல், அல்லது லிவருக்கு அடியில் இருக்கும் வால்வு. எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பக்கெட்டில் எருவை நிரப்பித் தூக்கச் சொன்னேன். அதன் கைகளுக்கு அடியில் நாலு விரல்கடை இடைவெளி விட்டு ஒரு பனந்துண்டை நிறுத்தினோம், இறங்கினாலும் அதில்தான் உட்காரும். எஞ்சினை நிறுத்திவிட்டு, சிலிண்டரின் மேல்பக்க ஹோஸை மட்டும் கழற்றினேன். உள்ளே சீல் நன்றாக இருந்தால் அந்த வாய் காய்ந்து இருக்க வேண்டும்.

வடிந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை, ஒரு நூல் மாதிரி வடிந்தது. சீல் போய்விட்டது என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கீழே வைத்த தட்டைப் பார்த்துவிட்டேன். டீக்கடையில் பால் அதிகமாகிப் போன டீ எப்படி இருக்கும், அந்த நிறத்தில் இருந்தது ஆயில்.

விரலில் தொட்டேன். முகர்ந்தேன். அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாசனையில்தான் நான் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறேன். ஆனாலும் கை பழக்கத்தில் போய், இன்னும் சூடு ஆறாத சைலன்சரின் மேல் ஒரு சொட்டு விட்டது. படபடவென்று பொரிந்தது.

"இன்னாடா அது சத்தம்?" என்றார் அண்ணன்.

"தண்ணி" என்றேன். "ஆயில்ல தண்ணி கீது."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நெனச்சேன். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம மோட்டார் தண்ணிய பீச்சி அடிச்சிக் கழுவுறான் இல்ல? உள்ள பூந்துக்கினு கீது. வண்டிய கழுவுறானாம், சோக்கு!"

"மூடி மேல கவர் கட்டிட்டுத்தான் பெரியவரே கழுவுவேன். ஒரு சொட்டு போவாது" என்றார் டிரைவர்.

"நீ வாய மூடு. இன்னாடா, கழுவுற தண்ணிதானே?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

டிரைவரும் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. பொங்கலுக்கு முன்னால் அந்தக் கேனின் வாயில் விரலை வைத்துத் தேய்த்தவர் அவர். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். சின்னவர் ஊற்றிய ஆயில் என்று அவரே சொல்லியிருக்கலாம். எங்கள் களத்தில் நின்றுகொண்டு, அண்ணன் முன்னால், என்னைப் பற்றி அவர் எப்படிச் சொல்வார்?

"இருக்கலாம்" என்றேன்.

கம்பெனிக்கு விஷயம் போனால் கழிவு ஆயில் சீட்டு கிளறப்படும், வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அந்தப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் களத்துக்கும் கம்பெனிக்கும் நடுவே பைக்கில் முக்கால் மணி நேரம், அங்கே யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? நிஜக் காரணம் கேவலமானது. பாடம் எடுக்கிறாயா என்று கேட்டவன், அந்தப் பாடத்தில் தோற்றுப்போனதை அவர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அது என்னால் முடியவில்லை.

"நாளைலேந்து வரவாணாம்" என்றார் அண்ணன்.

டிரைவர் பக்கெட்டின் பக்கம் போனார். எஞ்சினைப் போட்டுத் தூக்கி, பனந்துண்டை எடுக்கச் சொல்லி, பக்கெட்டைத் தரையில் இறக்கி வைக்க நினைத்தார் போல. நான் ஹோஸைக் கழற்றி வைத்திருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். சாவியைக் கொட்டகைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். துடைக்கிற துணியை மடித்து சீட்டின் மேல் வைத்தார். களத்தைக் குறுக்கே கடந்து காலனிப் பக்கம் நடந்து போனார். அவர் போவதை நான் பார்க்கவில்லை, ஸ்பானரைத் தேடுகிற மாதிரி பையைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க லீவு போட்டு வண்டியைச் சரி செய்தேன். அவ்வளவு சிரத்தையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பழைய ஆயிலை முழுதும் இறக்கி, புது ஆயில் ஊற்றி ஓடவிட்டு, அதையும் இறக்கி, மறுபடி ஊற்றினேன். பில்டரைத் திறந்தால் கூழாக இருந்தது. கியர் பெட்டியின் உள்பக்கத்துப் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. சீல்களை எடுத்தபோது விரலால் நசுக்கினால் ஈறு மாதிரி அமுங்கின. திருவள்ளூர் போய் சீல் கிட் வாங்கி வந்து இரண்டு சிலிண்டரையும் பிரித்து மாட்டினேன். கொட்டகையின் மூலையில் கிடந்த காலிக் கேனை அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே சாக்கில் சுற்றி பைக்கில் கட்டி எடுத்துப்போய், கம்பெனி ஸ்கிராப்பில் எறிந்துவிட்டேன். கடைசி நாள் பக்கெட்டில் எருவை நிரப்பித் தூக்கி நிறுத்தினேன். சாயங்காலம் வரை ஒரு அங்குலம் இறங்கவில்லை. அண்ணன் சந்தோஷப்பட்டார். எனக்கு வாயில் சோறு இறங்கவில்லை.

புது டிரைவர் ஒருவர் வந்தார். நல்லவர்தான். வேலை முடிந்தால் பக்கெட் எந்த உயரத்தில் நிற்கிறதோ அப்படியே விட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்.

இரண்டு மாதம் கழித்து, எங்கள் கம்பெனிக் கேட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வரிசையில் பழைய டிரைவரைப் பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட் போட்டிருந்தார். சுற்று வட்டாரத்தில் டிரைவர் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், தண்ணீர் விட்டு வண்டியைக் கெடுத்தவன் என்ற பேர் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்ததாம். இதை அவர் சொல்லவில்லை, வேறொருவர் சொன்னார். கான்ட்ராக்டர் அவரை அலுமினியம் உருக்கும் உலை ஷெட்டில் போட்டிருந்தார். எந்த அனலுக்கு பயந்து ஓடி வந்தாரோ அதே அனல். ஒரு வாரத்தில் பழைய தழும்புகளின் மேல் புதிய கொப்புளங்கள் வந்துவிட்டன.

ஒரு நாள் மெஷினில் ஹோஸ் வெடித்து, என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவர் தரையில் மரத்தூளைக் கொட்டிக்கொண்டிருந்தார். குனிந்து, கீழே தேங்கியிருந்ததில் ஒரு விரலை வைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். முகர்ந்தார். தலையை ஆட்டிக்கொண்டார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மரத்தூளைக் கொட்டினார்.

அதற்குப் பிறகு மெஷின்களுக்கு ஆயில் ஊற்றுகிற வேலையும் அவருக்கு வந்தது. முதல் நாளே மெயின்டனன்ஸ் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"சார், கொஞ்சம் வந்து எந்தப் பீப்பான்னு பாத்து சொல்லுங்க."

சின்னவர் போய் சார் ஆகிவிட்டேன். போனேன். பம்ப் நிற்கிற பீப்பாயின் முன்னால் குனிந்து லேபிளைப் படித்தேன். "இதான். நெருப்புப் புடிக்காதது" என்றேன். "சரி சார்" என்று பம்பைப் பிடித்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். சக பிட்டர்கள் சிரித்தார்கள், உன் ஆளுக்குப் படிக்க வராதா என்றார்கள். அவர் பத்தாவது பாஸ். நான் ஒன்பதாவதில் ஒரு வருஷம் தங்கியவன்.

வைகாசி வரைக்கும் தாங்கினேன். ஒரு சாயங்காலம் நேராக அண்ணனிடம் போய், பம்ப், பீப்பாய், கேன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"தெரியும்டா" என்றார்.

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நீ சாக்குல சுத்தி கேன கட்டிக்கினு போனத மாடிலேந்து பாத்துக்கினுதான் இருந்தேன். காலிக் கேன எவன்டா சாக்குல சுத்துவான்?"

"அப்போ ஏன் அவன அனுப்புன?"

"அனுப்புனது காலைல. கேன பாத்தது சாயங்காலம். அப்புறம் போய்க் கூப்ட்டா, உன்ன காட்டிக் குடுத்த மாரி ஆவும். ஊரு இன்னா பேசும்? தம்பியா, டிரைவரான்னு பாத்தேன். உடு, அவனுக்குத்தான் கம்பெனில வேல கெடச்சிடுச்சே."

அண்ணன் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவருக்கு என் மேல் பாசம். என் வாழ்க்கையில் அவ்வளவு அருவருப்பான ஒரு தட்டலை நான் வாங்கியதில்லை. "நாளைக்கே போய் அவனக் கூப்புடு" என்று கத்தினேன். "நீ வேணா போய் சொல்லு, நான் வர மாட்டேன்" என்றார்.

மறுநாள் ஷிப்டுக்கு முன்னால், கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அவரைப் பிடித்தேன். ஒரு ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"தப்பு என்னுது. பீப்பா மாறிப்போச்சு. அண்ணன்கிட்ட சொல்ட்டேன். அன்னிக்கே நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் மிச்ச டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை ஓரமாக வைத்தார்.

"சொன்னீங்களே சார்" என்றார். "ஒண்ணுமே சொல்லாம நின்னிருந்தீங்கன்னா, சரி, பெரியவருக்கு பயந்துக்கினாருன்னு நெனச்சிருப்பேன். நீங்க 'இருக்கலாம்'னு சொன்னீங்க."

சங்கு ஊதியது. அவர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் டீக்கு சில்லறை கொடுத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.

பத்து மணி வாக்கில் மெயின்டனன்ஸ் ரூம் வாசலில் நிழல் விழுந்தது.

"சார், கொஞ்சம் வந்து எந்தப் பீப்பான்னு பாத்து சொல்லுங்க."

எழுந்து போனேன். குனிந்தேன். படித்துச் சொன்னேன்.